நிஷி-கசாயில் குடிவந்தாச்சு: சம்பளம் திரும்பி வருது, தபால் வரலை, அடுப்பு அணையுது. உதவி தேவை

எடோகாவாக்கரை:
வணக்கம். டோக்கியோ எடோகாவா வார்டு, நிஷி-கசாயில் வாடகை வீடு. நான் வந்து இரண்டரை மாதம், மனைவி குடும்ப விசாவில் வந்து ஆறு வாரம். இருவரும் 14 நாளுக்குள் வார்டு ஆபீஸில் முகவரி பதிந்துவிட்டோம். அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக இடிக்கிறது.

சம்பளத்தை என் யூச்சோ (ஜப்பான் தபால் வங்கி) கணக்குக்கு அனுப்பினார்கள், திரும்பிவிட்டது. "எண்ணும் பெயரும் பொருந்தவில்லை" என்கிறது கம்பெனி. என் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் அப்பா பெயர். மனைவியின் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி.

எனக்கு மை நம்பர் (அரசு ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண்) கடிதம் வந்தது, மனைவிக்கு இதுவரை வரவில்லை. அதே சமயம் கொகுமின் கென்கோ ஹோகென் (தேசிய மருத்துவக் காப்பீடு) கட்டணச் சீட்டும் பென்ஷன் கட்டணச் சீட்டும் வந்திருக்கின்றன. எனக்குக் கம்பெனி இன்ஷூரன்ஸ் உண்டு. மனைவியை அதில் சேர்க்கக் கொடுத்த திருமணச் சான்றிதழை, இனிஷியல் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை என்று எச்.ஆர். திருப்பிவிட்டது.

வீட்டில் இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு. தோசைக்கல் நன்றாகக் காயும் நேரம் பார்த்து தீ தானாகச் சிறுத்து, பிறகு அணைந்துவிடுகிறது. ஊரிலிருந்து 750 வாட் மிக்ஸியும் 150 வாட் டேபிள் டாப் கிரைண்டரும் கப்பலில் வருகின்றன, இங்கே ஓடுமா? கடைசியாக, நேற்று வைத்த குப்பைப் பையை ஸ்டிக்கர் ஒட்டி அப்படியே விட்டுப் போய்விட்டார்கள்.

கனாக்கணக்கு:
சம்பளத்துக்கு மட்டும் பதில். இரண்டு இடத்தில் தப்பு நடந்திருக்கலாம்.

முதலில் எண். யூச்சோ பாஸ்புக்கில் இருக்கும் 5 இலக்கக் குறியும் 8 இலக்க எண்ணும் யூச்சோவுக்குள் அனுப்புவதற்குத்தான். வேறு வங்கியிலிருந்து சம்பளம் வர 3 இலக்கக் கிளை எண்ணும் 7 இலக்கக் கணக்கு எண்ணும் வேண்டும். குறியின் 2-ஆம், 3-ஆம் இலக்கத்தை எடுத்து அருகே 8 போட்டால் கிளை எண். குறி 11940 என்றால் கிளை 198. எட்டு இலக்க எண்ணில் கடைசியில் இருக்கும் 1-ஐ விட்டால் கணக்கு எண். இலக்கம் குறைந்தால் முன்னால் 0 போட்டு ஏழாக்க வேண்டும். கையால் கணக்குப் போட பயமாக இருந்தால் பாஸ்புக்கைத் தபால் ஆபீஸ் கவுன்டரில் கொடுங்கள், சம்பள வரவுக்கான எண்ணை அதிலேயே அச்சடித்துத் தருவார்கள்.

அடுத்து பெயர், நம் ஆட்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. வங்கிகளுக்கு இடையே போகும் பெயர் ஆங்கில எழுத்தில் போவதில்லை, அரை அகலக் கத்தகானாவில் (வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்து) போகிறது. நம் பெயருக்குக் கத்தகானாவில் ஒரே எழுத்துக்கூட்டல் என்று எதுவும் கிடையாது. வேல்முருகனை ஒரு கவுன்டரில் "வெருமுருகன்" என்பார்கள், அடுத்த கவுன்டரில் "பெருமுருகன்" என்பார்கள், இரண்டும் அவர்களுக்குச் சரிதான். அரை அகலத்தில் 'வ', 'க' ஒலிகளுக்குப் போடும் இரட்டைப் புள்ளி தனி எழுத்தாக எண்ணப்படும், குட்டி எழுத்து பெரிய எழுத்தாக மாறும். ஆகவே கத்தகானாவில் கண்ணுக்கு 7 எழுத்தாகத் தெரியும் அந்த முதல் வடிவம் வங்கிக் கணினிக்கு 9 எழுத்து. கம்பெனி அனுப்பும் கோப்பில் பெறுபவர் பெயருக்கு 30 இடம்தான். அப்பா பெயர், சொந்தப் பெயர், இடைவெளி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

எனவே எச்.ஆருக்கு உங்கள் பெயரைத் தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள். பாஸ்புக்கில் அச்சான கத்தகானா வரியைப் படம் எடுத்து அனுப்பி, "இதை எழுத்துக்கு எழுத்து அப்படியே, இதே வரிசையில், இடைவெளியோடு போடுங்கள்" என்று சொல்லுங்கள். ரெசிடென்ஸ் கார்டில் சர்நேம் முதலில் வரும். ஆஃபர் லெட்டரில் சொந்தப் பெயர் முதலில் இருந்திருந்தால் எச்.ஆர். அதைத்தான் எடுத்திருப்பார்கள்.

அந்த வரியை இருவரும் தனித்தனியே ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். போன், கிளினிக், கிரெடிட் கார்டு எங்கே போனாலும் அதைப் பார்த்தே எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதினால் ஒரு நீட்டல் கோடு கூடும் அல்லது குறையும், அடுத்த விண்ணப்பம் அதிலேயே நிற்கும்.

மனைவியின் சர்நேம் காலி என்பதால் ஒரு எச்சரிக்கை. ஆன்லைன் படிவங்கள் சர்நேம், பெயர் என இரண்டு பெட்டியையும் நிரப்பச் சொல்லும். பெயரை நீங்களாகப் பிய்த்து இரண்டில் போட்டால், கார்டைப் படம் பிடித்துச் சரிபார்க்கும் கட்டத்தில் தோற்கும். வங்கிக் கணக்கையும் போனையும் கவுன்டரில் போய் எடுங்கள். ஒரு முறை உங்கள் நேரம் போகும், பிறகு அந்தப் பதிவையே மற்ற இடங்களில் காட்டிக்கொள்ளலாம்.

படிவமும்_முத்திரையும்:
தபால் விஷயம். கீழே இருக்கும் தபால் பெட்டியில் யார் பெயர் ஒட்டியிருக்கிறது? உங்கள் பெயர் மட்டும் என்றால் காரணம் அதுவாக இருக்கலாம். தபால்காரர் பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். ஜப்பானியத் தம்பதிக்குச் சட்டப்படியே ஒரே குடும்பப் பெயர், அதனால் எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைப்பார்கள். வேறு பெயரில் கடிதம் வந்தால் முந்தின குடித்தனக்காரருடையது என்று திருப்பிவிடுவார்கள். இருவர் பெயரையும் ரெசிடென்ஸ் கார்டில் உள்ளபடி ஆங்கில எழுத்திலும், கீழே கத்தகானாவிலும் எழுதி இன்றே ஒட்டுங்கள்.

மை நம்பர் கடிதம் பதிவுத் தபாலில் வரும், பெட்டியில் போட மாட்டார்கள். ஆள் இல்லையென்றால் ஃபுசாய்ஹ்யோ என்ற சீட்டை விட்டுப் போவார்கள். 7 நாளுக்குள் மறு விநியோகம் கேட்காவிட்டால் வார்டுக்கே திரும்பும், வேறு முகவரிக்கு மாற்றியும் அனுப்ப மாட்டார்கள். ஆறு வாரம் ஆகிவிட்டதால் அநேகமாக இப்போது வார்டு ஆபீஸ் மை நம்பர் பிரிவில்தான் இருக்கும். மனைவி ரெசிடென்ஸ் கார்டோடு நேரில் போய்க் கேட்கலாம். எண் உடனே வேண்டுமென்றால் அங்கேயே "மை நம்பர் அச்சிட்ட ஜூமின்ஹ்யோ" (குடியிருப்புப் பதிவுச் சான்று) வாங்கலாம், 300 யென் அளவில் ஆகும்.

ஜூமின்ஹ்யோ எடுக்கும்போது சும்மா எடுக்காதீர்கள். முழுக் குடும்பமும், சுசுகிகரா எனப்படும் உறவுமுறையும் தெரியும்படி கேளுங்கள். மனைவி பெயருக்கு எதிரே "சுமா" (மனைவி) என்று இருந்தால் எச்.ஆர். பிரச்சினையும் அதிலேயே தீரும். நீங்கள் குடும்பத் தலைவராகப் பதிவாகி, இருவரும் ஒரே குடும்பத்தில் இருந்தால், 90 நாளுக்குள் எடுத்த ஜூமின்ஹ்யோவை உறவுக்குச் சான்றாகப் பென்ஷன் ஆபீஸ் ஏற்கும். இதற்கென்று எடுப்பதில் மை நம்பர் வேண்டாம் என்று சொல்லித் தனியாக ஒன்று எடுங்கள்.

"சுமா" என்று இல்லாமல் "என்கோஷா" (தொடர்புடையவர்) என்று இருந்தால், பதிவின்போது திருமணச் சான்று காட்டவில்லை என்று பொருள். சான்றிதழையும் ஜப்பானிய மொழிபெயர்ப்பையும் கொண்டுபோய்த் திருத்தச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பை நீங்களே செய்யலாம். மொழிபெயர்த்தவர் பெயர், முகவரி, தேதி கீழே இருக்க வேண்டும். உதாரணமாக, சான்றிதழில் "ஆர்." என்று இனிஷியல் இருந்தால், அது பாஸ்போர்ட்டில் உள்ள தந்தை பெயரின் சுருக்கம் என்று மொழிபெயர்ப்பின் அடியில் ஒரு வரி குறிப்பு எழுதுங்கள். பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரும் துணைவர் பெயரும் இருந்தால் அதன் நகலையும் சேருங்கள். இனிஷியல் என்ற வழக்கமே இங்கே கிடையாது, அந்தப் புள்ளி எதற்கு என்று அவர்களுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

இன்ஷூரன்ஸ் சீட்டை மட்டும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். முகவரி பதிந்த அன்று கம்பெனி இன்ஷூரன்ஸுக்குச் சான்று கையில் இல்லாததால் வார்டு உங்களைத் தேசியக் காப்பீட்டில் சேர்த்திருக்கும். கம்பெனியில் சேர்ந்ததும் அது தானாக விலகாது, நீங்கள்தான் போய் விலக வேண்டும். கம்பெனி தரும் ஷிகாக்கு ககுனின்ஷோ அல்லது ஷிகாக்கு ஜோஹோ தாள் (கம்பெனிக் காப்பீட்டில் இருப்பதைக் காட்டும் தாள்), வந்த சீட்டு, ரெசிடென்ஸ் கார்டு, மை நம்பர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு காப்பீட்டுப் பிரிவில் "கொகுமின் கென்கோ ஹோகென் ஓ யாமெதாய் தெசு" (தேசியக் காப்பீட்டிலிருந்து விலக வேண்டும்) என்று சொன்னால் போதும். கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து கணக்கைத் திருத்துவார்கள், கூடுதலாகக் கட்டியிருந்தால் திரும்பும். இடைப்பட்ட நாளில் அந்தக் காப்பீட்டைக் காட்டி டாக்டரிடம் போயிருந்தால், வார்டு கொடுத்த 70 சதவீதத்தைத் திருப்பிக் கேட்கும். அதைக் கட்டிவிட்டுக் கம்பெனிக் காப்பீட்டில் மனுப் போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பென்ஷன் சீட்டும் அதே கதைதான். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான தொகை மாதம் 17,510 யென். உங்களைச் சார்ந்தவராக மனைவி சேர்ந்ததும் அவர் பென்ஷனில் மூன்றாம் வகை (சம்பளக்காரரைச் சார்ந்த துணைவர்), தனியாகக் கட்ட வேண்டியதில்லை. அந்தப் படிவத்தைக் கம்பெனிதான் கொடுக்கும், அதனால் எச்.ஆர். வேலையை முதலில் முடியுங்கள்.

தோசைக்கல்:
அடுப்பு கெட்டுப்போகலை, பயப்படாதீங்க. ரெண்டு வகையா அணையும், முதல்ல அதைப் பிரிச்சுப் பாருங்க. பத்த வெச்சு குமிழை விட்ட சில நொடியிலயே அணைஞ்சா பேட்டரி தீர்ந்திருக்கும், இல்ல தீப்பொறி பக்கத்துல இருக்கிற உணர்முனையில அழுக்கு. பேட்டரி தான்-இச்சி, குண்டு சைஸ். முன்பக்கம் சின்னக் கதவுக்குள்ள இருக்கும். நல்லா எரிஞ்சு சில நிமிஷம் கழிச்சு, கல்லு காய்ஞ்ச பிறகு தீ சிறுத்தா அது சென்சார் வேலை. நீங்க சொல்றது ரெண்டாவது.

2008 அக்டோபர்லேர்ந்து இங்க விக்கிற வீட்டு கேஸ் அடுப்புல எல்லா பர்னரிலும் நடுவுல ஒரு பொத்தான் மாதிரி சூட்டு உணரி (சென்சார்) கட்டாயம். மேசை மேல வெக்கிற ஒத்தை பர்னர் அடுப்புக்கு விலக்கு உண்டு. எண்ணெய் சுமார் 370 டிகிரியில தானா தீப்பிடிக்கும், அதுக்கு ரொம்ப முன்னாடியே, 250 டிகிரி வாக்குல, உணரி தீயைக் குறைக்கும். சூடு இறங்கலைன்னா அணைச்சிரும். காலியா காயுற இரும்புக் கல்லு அந்தச் சூட்டை சுலபமாத் தொடும்.

முன்பலகையில "கோஒன் இதமே" (அதிகச் சூட்டு வதக்கல்) இல்ல "சென்சார் கைஜோ" (சென்சார் விலக்கு)ன்னு ஒரு பொத்தான் இருக்கும். 3 நொடி அழுத்திப் பிடிங்க, எல்லை 290 வரைக்கும் ஏறும். நிறைய மாடல்ல ஒரு பர்னருக்கு மட்டும்தான் அந்த வசதி. கல்லை முழுத் தீயில காய வைக்காம, நடுத்தீக்கும் கீழே 5 நிமிஷம் விடுங்க. தண்ணி தெளிச்சா துள்ளி ஓடணும். வெங்காயத்தால எண்ணெய் தேய்ச்சு உடனே மாவை ஊத்துங்க, மாவு விழுந்ததும் சூடு இறங்கிடும். ரெண்டு தோசைக்கு நடுவுல காலியா விட்டுட்டு சட்னி எடுக்கப் போகாதீங்க, அந்த இடைவெளியிலதான் அணையும்.

மண்சட்டி கொஞ்சம் தகராறு. அடி மேடு பள்ளமா இருந்தா உணரி ஒட்டாது, பாத்திரமே இல்லைன்னு நெனச்சு சில மாடல் தீயைக் குறைக்கும். அப்பளத்தை நேர் தீயில சுடவும் விடாது, அதுக்கு கீழ இருக்கிற மீன் கிரில் அருமையா இருக்கும்.

மாவு_புளிக்குது:
ஒரு சுலபமான வழி. கம்பி ஸ்டாண்டு போட்டுக் கல்லை உணரிக்கு மேல அரை இஞ்ச் தூக்கி வெச்சா அணையவே அணையாது.

தோசைக்கல்:
செய்யாதீங்க. உணரிக்கு எட்டாட்டி வறுக்கிற எண்ணெய் தீப்பிடிச்சாலும் அடுப்புக்குத் தெரியாது. தீ சரியா எரியாம கார்பன் மோனாக்சைடும் வரும். ரெண்டு பர்னரையும் மூடுற நீளக் கல்லும் வேண்டாம், சூடு திரும்பி அடுப்புக்குள்ளயே இறங்கும்.

ஐம்பது_ஹெர்ட்ஸ்:
மிக்ஸி, கிரைண்டர்: ஜப்பான் முழுக்க 100 வோல்ட். இந்திய 230 வோல்ட் மிக்ஸியை நேரே போட்டால் மெதுவாகச் சுற்றும், சுமை வந்ததும் நின்று சூடாகும். ஏற்றும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். மிக்ஸி கிளம்பும்போது குறித்ததைவிட நிறைய மின்சாரம் இழுக்கும், எனவே 750 வாட்டுக்கு 1500 வாட் டிரான்ஸ்ஃபார்மர் எடுங்கள். 150 வாட் கிரைண்டருக்கு 500 போதும். டிரான்ஸ்ஃபார்மரை நேரே சுவர் பிளக்கில் போடுங்கள். அது 15 ஆம்பியர், அதாவது 1500 வாட் தாங்கும். எக்ஸ்டென்ஷன் கயிற்றில் வேண்டாம். பூமி இணைப்பு துணி துவைக்கும் மெஷின் பிளக்கருகே பச்சைத் திருகாக இருக்கும்.

அதிர்வெண்ணில் உங்களுக்கு அதிர்ஷ்டம். டோக்கியோ 50 ஹெர்ட்ஸ், ஊரில் உள்ளதே. ஃபூஜி ஆற்றுக்கு மேற்கே ஒசாகா பக்கம் 60. 1890-களில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கியதன் மிச்சம் இது. மிக்ஸி மோட்டாருக்கு இந்த வேறுபாடு பெரிதில்லை. கிரைண்டர் மோட்டார் அதிர்வெண்ணைப் பின்பற்றும்; ஒசாகாவுக்கு மாற்றலானால் 20 சதவீதம் வேகமாக ஓடி மாவு சூடாகும். மிக்ஸி இன்னும் கிளம்பவில்லை என்றால் வட அமெரிக்காவுக்காகச் செய்யும் 110 வோல்ட் இந்திய மிக்ஸியை வாங்குங்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சற்றே குறைந்த வேகத்தில் ஓடும்.

ஃபியூஸ் பெட்டியில் ஒப்பந்த ஆம்பியர் எழுதியிருக்கும். 30 என்றால் வீடு மொத்தத்துக்கும் 3000 வாட். ஏசி, மைக்ரோவேவ், அரிசிக் குக்கர் ஓடும்போது மிக்ஸியைத் தட்டினால் பிரேக்கர் விழுந்து மின்சாரம் நிற்கும்.

காக்கா_வலை:
குப்பை: ஸ்டிக்கரிலேயே காரணம் இருக்கும், மொபைல் கேமராவால் மொழிபெயர்த்துப் பாருங்கள். தப்பான நாள், இல்லையென்றால் கலப்பு. காலை 8 மணிக்குள், காக்கா கிளறாமல் இருக்கப் போட்டிருக்கும் வலைக்குள்ளே வையுங்கள். ஊறுகாய், எண்ணெய் கவர் கழுவியும் பிசுக்குப் போகாவிட்டால் பிளாஸ்டிக்கில் போடாமல் எரியும் குப்பையில் போடுங்கள். பொரித்த எண்ணெயை சிங்கில் ஊற்றாமல், உறைய வைக்கும் தூள் போட்டுக் கட்டியானதும் எரியும் குப்பை. ஒரு பக்கம் 30 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும் பொருளுக்கு முன்பதிவும் கட்டண ஸ்டிக்கரும் வேண்டும்.

எடோகாவாக்கரை:
எல்லோருக்கும் நன்றி. எச்.ஆருக்குக் குறியும் எண்ணும்தான் கொடுத்திருக்கிறேன், கிளை எண் கொடுக்கவே இல்லை. தபால் பெட்டியில் என் பெயர் மட்டும்தான் இருந்தது, மாற்றியாகிவிட்டது. அடுப்பில் பொத்தான் இருக்கிறது, வலது பர்னருக்கு மட்டும். ஒரு சந்தேகம்: மனைவிக்கு மை நம்பர் கார்டு எடுத்தால் விசா நீட்டிக்கும்போது அதுவும் தானாக நீளுமா?

படிவமும்_முத்திரையும்:
நீளாது. கார்டின் காலாவதி தங்கும் காலம் முடியும் நாளோடு முடியும். புதிய ரெசிடென்ஸ் கார்டு வந்ததும், பழைய தேதி தாண்டுவதற்குள் வார்டு ஆபீஸில் மை நம்பர் கார்டையும் நீட்டித்துவிடுங்கள். தாண்டினால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 1,000 யென். அதையே இன்ஷூரன்ஸ் கார்டாகவும் பயன்படுத்தினால் கிளினிக் கவுன்டரிலும் சிக்கல் வரும்.