பாகத்துக்கு முன் நம்பரைத் தேடுங்கள்

பெசன்ட் நகரில் மாமனார் வீட்டு கார் ஷெட்டில் ஒரு பழைய புல் வெட்டும் மிஷின் ஆறேழு வருடமாகக் கிடந்தது. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் என்ஜின். கயிற்றை இழுத்தால் ஒரு முறை இருமிவிட்டு நின்றுவிடும். கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும் மெல்லிய சவ்வான டயாஃப்ரம் வாழைச்சருகு மாதிரி விறைத்துப் போயிருந்தது.

அதை எடுத்துக்கொண்டு நேராகப் புதுப்பேட்டைக்குப் போனேன். ஒரு கடையில் ஏறக்குறைய அதே மாதிரி ஒன்று கிடைத்தது. வீட்டுக்கு வந்து வைத்தால் ஓட்டைகள் ஒத்துவரவில்லை. மறுபடியும் அலைந்தபோது, வயதான கடைக்காரர் ஒருவர்தான் சொன்னார்: "மாடல் நம்பரை எழுதிட்டு வாங்க சார், அப்புறம் தேடலாம்."

விசிறியை மூடியிருக்கும் தகரத்தில்தான் நம்பர் குத்தியிருப்பார்கள். எங்களுடையதில் யாரோ மேலே பெயின்ட் அடித்துவிட்டார்கள். தின்னர் போட்டுத் துடைத்து, காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்த்ததும் மாடல், டைப், கோட் மூன்றும் தெரிந்தன. மாடல் 92908. முதல் 9 என்பது 9 கன அங்குலம், அதாவது சுமார் 148 சிசி. கோட் 78-இல் தொடங்கி அடுத்து 04, 12 என்று போனது. 1978 ஏப்ரல் 12-இல் செய்த என்ஜின்! என் மனைவி பிறந்த வருடம். டைப் நம்பரையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே மாடலிலேயே ஷாஃப்ட் போன்றவை மாறும்.

நம்பர் கிடைத்ததும் டயாஃப்ரத்தை வெளிநாட்டிலிருந்து தருவித்தேன். ஆயில் கசியாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீலுக்கு நம்பர்கூட வேண்டாம். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் வெர்னியரில் அளந்து பாரிமுனை பேரிங் கடையில் சொன்னேன், கொடுத்துவிட்டார்கள். பாகங்களின் இணைப்பில் கசியாமல் வைக்கும் கேஸ்கெட்டை ஷீட்டில் நானே வெட்டினேன்.

ஃப்ளைவீல் சாவி, அதாவது ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தை என்ஜினின் முக்கிய தண்டான கிராங்க் ஷாஃப்டில் சரியான இடத்தில் நிறுத்தும் சிறு உலோகத் துண்டு விஷயத்தில் மட்டும் கவனம். பிளேடு கல்லில் மோதியதில் அந்தச் சாவி நசுங்கி, தீப்பொறி வரும் நேரமான டைமிங் விலகியிருந்தது. லேத்தில் இரும்பில் கடைந்து தருகிறோம் என்றார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. மென்மையான உலோகத்தில் அதைச் செய்திருப்பதே, அடி விழும்போது அது முதலில் வெட்டுப்பட வேண்டும் என்பதற்காகத்தான். இரும்பைப் போட்டால் அடி கிராங்க் ஷாஃப்டுக்குப் போகும். அதையும் நம்பர் சொல்லியே வாங்கினேன்.

தீப்பொறிக்கான மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் பாயிண்டைத் தேய்த்து இடைவெளியை 0.020 அங்குலத்துக்கு வைத்தேன். மூன்றாவது இழுப்பில் என்ஜின் ஓடியது. மூன்று நம்பரையும் ஷெட் சுவரில் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்து ஏர் ஃபில்டர் வாங்க வேண்டும்.