கிளியர் கோட்டில் ஆரஞ்சுத் தோல்: ஆலோசனை வேண்டும்

வணக்கம். முன்பு கதவுகளுக்கு அடித்தபோது கண்ணாடிபோல் வந்த டூ-கே கிளியர் கோட் (ஹார்டனர் கலந்து, நிறப்பூச்சின் மேல் அடிக்கும் நிறமற்ற மேற்பூச்சு), இம்முறை என் காரின் பானெட்டில் ஆரஞ்சுப் பழத்தோல்போலப் புள்ளி புள்ளியாக நின்றுவிட்டது. 1.3 மி.மீ. நாசில் பொருத்திய ஸ்பிரே கன்னை ஏறத்தாழ 20 செ.மீ. தொலைவில் பிடித்து, ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூடும்படி, 10 நிமிட இடைவெளியில் இரண்டு கோட் அடித்தேன். அன்று வெப்பம் மிகுதியாக இருந்ததால், பூச்சு பரவிச் சமனாகும் முன்பே தின்னர் ஆவியாகியிருக்கலாம் என ஐயுறுகிறேன். ஆயினும் காற்றழுத்தம் குறைந்து துளிகள் பெரிதானாலும் இதே குறை வரும் என்பதால் உறுதியாக முடிவு செய்ய இயலவில்லை. மெதுவாக உலரும் தின்னருக்கு மாறுவதா, கன்னைச் சற்று நெருக்கிப் பிடிப்பதா (முன்பொருமுறை அப்படிப் பிடித்துப் பூச்சு வழிந்துவிட்டது), எதை முதலில் மாற்றிப் பார்க்கலாம்? இப்போதுள்ள பரப்பை 1500, பின்னர் 2000 எண் வாட்டர் பேப்பரால் தேய்த்து பாலிஷ் செய்தால் போதுமா, மீண்டும் ஒரு கோட் தேவையா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.