ஜி.ஆர்.இ: மாதிரித் தேர்வுக்கு மாதிரித் தேர்வு மார்க் மாறுகிறது, எதை நம்புவது?

மழைத்துளி:

வணக்கம். சிவில் முடித்துவிட்டு வேலையில் இருக்கிறேன். முதுகலைக்கு விண்ணப்பிக்க ஜி.ஆர்.இ எழுதுகிறேன், தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம். மாதிரித் தேர்வு மார்க்குகள் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை.

ஜி.ஆர்.இ-யை நடத்தும் இ.டி.எஸ் நிறுவனமே இலவசமாகத் தரும் பவர்பிரெப் என்ற மாதிரித் தேர்வுகளில் முதலாவதில் குவான்ட் (கணிதப் பகுதி) 161. அடுத்த வாரம் ஒரு தனியார் தளத்தில் எழுதினேன், 154. பிறகு ஒரு புத்தகத்தில் இருந்த தேர்வைப் போட்டுப் பார்த்தால் 165. வெர்பல் (ஆங்கில மொழிப் பகுதி) மூன்றிலும் 153-ஐ ஒட்டியே நிற்கிறது, அதில் கவலை இல்லை. எனக்கு வேண்டியது குவான்ட் 162.

இதில் இன்னொரு குழப்பம். பவர்பிரெப்பில் 27 கேள்விக்கு 20 சரி. தனியார் தேர்வில் 21 சரி. கூடுதலாகச் சரி செய்ததற்கு ஏழு மார்க் குறைவா? தேதியைத் தள்ளிப் போடலாமா என்று யோசிக்கிறேன். எழுதியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வேப்பமரம்:

தேதியை இப்போதே தள்ள வேண்டாம். நான் எழுதியபோது தனியார் தேர்வுகளில் வந்ததைவிட உண்மைத் தேர்வில் கூடுதலாகத்தான் வந்தது. என் தோழிக்கு நேர்மாறாக நடந்தது. அதனால் தனியார் தேர்வு எப்போதும் கஷ்டம் என்றும் சொல்ல முடியாது. கேள்விப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், மார்க்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கரும்பலகை:

குவான்ட் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பலரும் மூன்று மார்க்கையும் கூட்டி மூன்றால் வகுத்து வைத்திருப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மூன்றும் மூன்று விதமாக அளந்தவை.

முதலில் அந்த 20, 21 விஷயம். குவான்டில் முதல் பிரிவு 12 கேள்வி, 21 நிமிடம். இரண்டாவது 15 கேள்வி, 26 நிமிடம். முதல் பிரிவை எப்படிப் போடுகிறீர்களோ அதை வைத்துத்தான் இரண்டாவது எவ்வளவு கடினமாக வரும் என்பது முடிவாகிறது. முதலில் நன்றாகப் போட்டால் கடினமான பிரிவு வரும், அங்கே நாலைந்து தவறினாலும் மார்க் தாங்கும். முதலில் சறுக்கினால் எளிதான பிரிவு வரும், அதை அள்ளினாலும் ஓரளவுக்கு மேல் ஏறாது. ஆகவே மொத்தம் எத்தனை சரி என்று எண்ணிப் பிரயோஜனம் இல்லை. அந்தத் தனியார் தேர்வின் முதல் பிரிவைத் திறந்து பாருங்கள், அங்கே பாதிக்குப் பக்கமாகத் தவறியிருக்கும். போதாததற்கு, சரியான விடைகளை 130–170 மார்க்காக மாற்றும் கணக்கு அந்த நிறுவனமே போட்டுக்கொண்டது, இ.டி.எஸ் கொடுத்ததல்ல.

அச்சுப் புத்தகத்தில் இருக்கும் தேர்வு உங்களுக்கேற்ப மாறாது, மாறவும் முடியாது. அதை ஒரே மூச்சில், கடிகாரம் வைத்துப் போட்டீர்களா?

அப்புறம், 161 என்பதை ஒற்றை எண்ணாகப் படிக்காதீர்கள். இ.டி.எஸ் சொல்லும் அளவீட்டுப் பிழையே குவான்ட், வெர்பல் ஒவ்வொன்றுக்கும் சுமார் 2 மார்க். 159 முதல் 163 வரை எங்கோ இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 162 அதற்குள்ளேயே இருக்கிறது.

மார்க்கை விடுங்கள், மூன்று தேர்விலும் தவறியவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். பக்கத்தில் காரணம்: முறை தெரியவில்லை, அவசரத்தில் பிசகியது, நேரம் போதவில்லை. எழுதியதும் இங்கே போடுங்கள், நான் பார்க்கிறேன்.

மழைத்துளி:

மிக்க நன்றி. பார்த்துவிட்டேன். தனியார் தேர்வில் முதல் பிரிவு 12-க்கு 7, இரண்டாவது 15-க்கு 14. பவர்பிரெப்பில் 10, 10. புத்தகத் தேர்வை இரண்டு நாளாகப் பிரித்துப் போட்டேன், நேரம் வைக்கவில்லை.

தாளில் எழுதியபோதுதான் ஒன்று தெரிந்தது. தனியார் தேர்வின் முதல் பிரிவில் தவறிய ஐந்தில் மூன்று, இரண்டு அளவுகளை ஒப்பிடும் கேள்விகள். பவர்பிரெப்பிலும் அதே வகையில் இரண்டு போயிருக்கிறது. ஒன்று இப்படி: x-இன் வர்க்கம் x-ஐ விடப் பெரியது. முதல் அளவு x, இரண்டாவது அளவு 1. எது பெரியது? முதல் அளவு என்று போட்டேன்.

கரும்பலகை:

இதைத்தான் தேடினேன். x 2 என்றால் முதல் அளவு பெரியது. x –3 என்றால்? வர்க்கம் 9, நிபந்தனைக்குப் பொருந்துகிறது, ஆனால் –3 ஒன்றைவிடச் சிறியது. ஆக, தீர்மானிக்க முடியாது என்பதே விடை. இந்த வகைக் கேள்வி வந்தாலே பூஜ்யம், எதிர்மறை எண், 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட பின்னம் மூன்றையும் போட்டுப் பார்க்காமல் விடை குறிக்காதீர்கள். இந்த வாரம் முழுக்க இதை மட்டும் செய்தாலும் சரி. இந்தக் கேள்விகள் முதல் பிரிவிலேயே வருவதால் உங்களுக்கு இரட்டை நஷ்டம்: அந்த மார்க்கும் போகிறது, இரண்டாவது பிரிவும் கீழே இறங்குகிறது.

வேப்பமரம்:

ஒன்று சேர்க்கிறேன். பவர்பிரெப் முதல் தேர்வைத் திரும்ப எழுதிப் பார்க்காதீர்கள். அதே கேள்விகள்தான் வரும், ஏறுகிற மார்க் ஞாபகத்தால் ஏறியது.

மழைத்துளி:

இலவசமாக இருக்கும் இரண்டாவது பவர்பிரெப்பை இன்னும் தொடவில்லை. எப்போது எழுதுவது? அதில் வரும் கட்டுரைப் பகுதியை விட்டுவிட்டு எழுதலாமா?

கரும்பலகை:

தேர்வுக்குச் சுமார் பத்து நாள் இருக்கும்போது, உண்மைத் தேர்வு எத்தனை மணிக்கோ அதே மணிக்கு எழுதுங்கள். கட்டுரையை விடவே கூடாது. அதுதான் முதலில் வரும், 30 நிமிடம் எழுதிக் களைத்த பிறகுதான் குவான்டும் வெர்பலும். மொத்தம் 1 மணி 58 நிமிடம், நடுவில் எழுந்திருக்காதீர்கள். கைக் கணிப்பான் வேண்டாம், திரையில் இருப்பதையே பயன்படுத்துங்கள்.

அதில் குவான்ட் 160 அல்லது அதற்கு மேல் வந்தால் அதே தேதியில் போய் எழுதுங்கள். 157-க்குக் கீழே வந்தால் தேதியை மாற்றலாம், தேர்வுக்கு 4 நாள் முன்பு வரை இ.டி.எஸ் அனுமதிக்கிறது, கட்டணம் உண்டு. இடையில் வந்தால் தவறுகளின் தாளை மறுபடி இங்கே போடுங்கள், அதைப் பார்த்துச் சொல்கிறேன். விண்ணப்பக் கடைசித் தேதி எப்போது? 21 நாள் இடைவெளி விட்டு மீண்டும் எழுத நேரம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.