யூபிஐ மூணு மணி நேரம் நின்னா கடைக்காரருக்கு ஒரு வாரம் ஏன் இழுக்குது?

நேதாஜி_மளிகை:

வேலூர் நேதாஜி மார்க்கெட் பக்கம் இருக்கிற மளிகை, காய்கறிச் சில்லறைக் கடைகளை வைத்துக் கேட்கிறேன். காலையில் யூபிஐ மூணு மணி நேரம் படுத்துவிட்டால் அன்றைய வியாபாரம் கொஞ்சம் குறையும், அத்தோடு போச்சு என்றுதான் தோன்றும். ஆனால் மறுநாள் விடியற்காலை மண்டியில் சரக்கு எடுக்கக் காசு முட்டுகிறது. தண்டல் (தினவசூல் கடன்) பாக்கி விழுகிறது. 5-ம் தேதி கணக்கில் பணம் இல்லாமல் இஎம்ஐ திரும்பிவிடுகிறது. யார் பணமும் தொலையவில்லையே, பிறகு ஏன் இவ்வளவு தூரம் இழுக்கிறது? இரண்டாவது க்யூஆர் ஒட்டினால் போதுமா? கையில் எவ்வளவு வைத்துக்கொள்ள வேண்டும்?

காட்பாடி_ஸ்விட்ச்:

இரண்டாவது க்யூஆர் உதவுமா என்பது எது நின்றது என்பதைப் பொறுத்தது. ஸ்கேன் செய்ததும் கோரிக்கை அந்த ஆப்புக்குப் பின்னால் இருக்கும் வங்கிக்குப் போகும், அங்கிருந்து யூபிஐயை நடத்தும் என்பிசிஐ அமைப்பின் மையக் கணினியான சுவிட்சுக்கு. சுவிட்ச் வாடிக்கையாளர் வங்கியில் பற்று வைக்கச் சொல்லி, பிறகு உங்கள் வங்கியில் வரவு வைக்கச் சொல்லும். இதில் எந்த இடம் அடைத்தாலும் கல்லாவில் தெரிவது ஒன்றுதான்: சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம்.

எங்கே அடைப்பு என்று கடையிலிருந்தே பிடித்துவிடலாம். ஒரே வங்கிக் கணக்குக்காரர்களுக்கு மட்டும் போகவில்லை என்றால் அந்த வங்கியில் கோளாறு. ஒரே ஆப் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் சிக்கல் என்றால் ஆப்புக்குப் பின்னால் உள்ள வங்கி. பக்கத்துக் கடையில் போகிறது, உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால் உங்கள் வங்கி அல்லது உங்கள் க்யூஆர். இந்தக் கடைசி வகைக்குத்தான் இரண்டாவது க்யூஆர் கைகொடுக்கும், அதுவும் வேறு வங்கிக் கணக்கோடு சேர்ந்ததாக இருந்தால். ஒரே கணக்குக்கு இரண்டு அட்டை ஒட்டுவது வீண்.

2020 மார்ச் 5 அன்று யெஸ் பேங்குக்கு ரிசர்வ் வங்கி கேட்டதன் பேரில் மத்திய அரசு தடை போட்டதும், அதைப் பின்னணி வங்கியாக வைத்திருந்த போன்பே சேவையும் சேர்ந்து நின்றது. அந்த வங்கியில் கணக்கே இல்லாதவர்களும் மாட்டிக்கொண்டார்கள். 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் நிறுவனத்தில் ரான்சம்வேர் (கணினியை முடக்கிப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்தபோது, அதன் மென்பொருளை நம்பியிருந்த சுமார் 300 சிறு வங்கிகளை என்பிசிஐ தற்காலிகமாகத் துண்டித்தது. அவற்றில் பெரும்பாலானவை கூட்டுறவு, கிராம வங்கிகள். கடைக் கணக்கு கூட்டுறவு வங்கியில் மட்டும் இருந்தால் இன்றே இன்னொன்று திறந்துவிடுங்கள்.

2025 ஏப்ரல் 12 தடங்கல் வேறு ரகம். 'அந்தப் பணம் போனதா, போனதா' என்று சில வங்கிகள் திரும்பத் திரும்ப அனுப்பிய நிலைச் சோதனைக் கோரிக்கைகளே சுவிட்சை மூழ்கடித்தன. அப்படிப்பட்ட நாளில் எத்தனை க்யூஆர் இருந்தும் பயனில்லை, காசுதான். வாடிக்கையாளரைத் திரும்பத் திரும்ப அடிக்கச் சொல்லவும் வேண்டாம், இரட்டைப் பற்று விழலாம். பற்று ஆகி வரவு வராத பணம், வணிக க்யூஆர் என்றால் 5 நாளுக்குள், ஆளுக்கு ஆள் அனுப்பியது என்றால் மறுநாளுக்குள் சரியாக வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும், இது ரிசர்வ் வங்கி விதி.

பேரேடு:

ஏன் இழுக்கிறது என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. தினம் 80,000 விற்பனை, அதில் 60,000 யூபிஐ. காலை மூணு மணி நேரத்தில் அந்த 60,000-ல் 24,000 வரும் என்று வையுங்கள். பாதிப் பேர் காசு கொடுத்தார்கள், மீதி 12,000 போய்விட்டது. மண்டிக்கு 60,000, கூலி, வாடகை, தண்டல் போக இரவில் மிஞ்சுவது 3,000 என்றால், 12,000 குழியை மூட நாலு நாள் ஆகும். நடுவில் 5-ம் தேதி வந்தால் இஎம்ஐ திரும்பும். கடை லாபத்தில்தான் ஓடுகிறது, ஆனால் நேற்று வந்த காசு இன்று காலையே கிளம்பிவிடுகிறது. தடங்கல் எத்தனை மணி நேரம் என்பதைவிட, இரவில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே தீர்மானிக்கிறது.

அந்த 12,000-க்குத் தண்டல் வாங்குவதுதான் பெரிய ஆபத்து. 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வசூல் என்றால் வட்டி ஆண்டுக் கணக்கில் நூறு சதவீதத்தைத் தாண்டும். சிசி கணக்கு (சரக்கை ஈடாகக் காட்டி வங்கி தரும் கடன் வரம்பு) இருந்தால் வரம்பில் ஐந்தில் ஒரு பங்கையாவது தொடாமல் விடுங்கள். ஸ்டாக் ஸ்டேட்மென்டை, அதாவது சரக்கு இருப்புக் கணக்கை, நேரத்துக்கு வங்கியில் கொடுங்கள். இல்லையென்றால் எடுக்கும் வரம்பை வங்கி குறைத்துவிடும், தேவைப்படும் நாளில் கதவு மூடியிருக்கும். இஎம்ஐ பணம் 4-ம் தேதி இரவே கணக்கில் இருக்கட்டும்; நாச் பற்று (தவணை தானாகக் கழியும் முறை) அதிகாலையிலேயே வரக்கூடும்.

ஆம்பூர்_பில்:

கடைக்கு மட்டும் வருகிற நோய் இல்லை இது. 2018-ல் ஐஎல்&எஃப்எஸ் என்ற பெரிய உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் கடன் தவணை தவறியதும் சந்தை பதறியது. செப்டம்பர் 21 அன்று ஒரு மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனம், டிஹெச்எஃப்எல் என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தின் வணிகப் பத்திரங்களை (குறுகிய காலக் கடன் பத்திரங்கள்) 300 கோடி அளவில் 11 சதவீத வட்டிக்கு விற்றது தெரியவந்ததும், டிஹெச்எஃப்எல் பங்கு ஒரே நாளில் 40 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு 300 கோடி பெரிய தொகையே இல்லை. சில மாதக் கடனை வாங்கி, 15, 20 வருட வீட்டுக்கடனாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பழைய பத்திரம் முதிரும்போது புதியதை யாராவது வாங்க வேண்டும், வாங்கத் தயங்கியதும் மூச்சு முட்டியது. பல என்பிஎஃப்சிகளும் (வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள்) அப்போது கடன் கொடுப்பதைச் சுருக்கின.

தோல் ஏற்றுமதியிலும் இதே பொருத்தமின்மை உண்டு. வெளிநாட்டு வாங்குபவர் 90 நாளில் தருவார், ரசாயனக் கடைக்காரர் 30 நாளில் கேட்பார். நடுவில் இருக்கும் 60 நாளை பில் டிஸ்கவுன்ட் (வர வேண்டிய பில்லைக் காட்டி முன்கூட்டியே பணம் வாங்குவது) தாங்குகிறது. ஒரே நிறுவனத்தை நம்பாமல் இரண்டு இடத்தில் வரம்பு வாங்கி வைப்பது செலவுதான், ஆனாலும் வைத்தே ஆக வேண்டும்.

நேதாஜி_மளிகை:

நன்றி சார். அப்போ கையில் 12,000 வைத்தால் சரியா? எந்த நோட்டாக?

பேரேடு:

12,000 சரி, ஆனால் முழுவதும் 500 ஆக வைத்தால் பாதிப் பயன்தான். யூபிஐ நின்றதும் எல்லோரும் 500-ஐ நீட்டுவார்கள், முதலில் தீர்வது சில்லறை. 10, 20, 50-ல் 4,000 ரூபாய்க்கு, 100-ல் 5,000, மீதி 500. இதைக் கல்லாவில் கலக்காமல் தனி டப்பாவில் வையுங்கள், மண்டிக்குக் குறைகிறது என்று எடுக்காதீர்கள். ஏடிஎம்மை அந்த நேரத்தில் நம்பவே வேண்டாம், எல்லோரும் ஒரே சமயத்தில் அங்கேதான் ஓடுவார்கள்.