புதுப்பிப்பு: பெயர் மாறும் பேக்கப் டிஸ்க் – சரியாகிவிட்டது

பாம்பனில் எங்கள் மீன் கம்பெனியின் லினக்ஸ் கணினியில், கரண்ட் போய் வந்தால் பேக்கப் டிஸ்க் மவுண்ட் ஆவதில்லை (கணினியோடு இணைந்து திறப்பதில்லை) என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கேபிளை மாற்றியதில் பலனில்லை. டிஸ்க்கின் பெயருக்குப் பதில் யூயூஐடி (UUID, தனி அடையாளக் குறியீடு) போடச் சொன்னவரின் யோசனைதான் வேலை செய்தது. எஸ்டிஏ (sda), எஸ்டிபி (sdb) என்ற பெயர்களை கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) டிஸ்க்குகளைக் கண்டுபிடிக்கும் வரிசையில்தான் கொடுக்கிறது. பென்டிரைவ் ஒன்று செருகியிருந்தால் நேற்றைய எஸ்டிபி1 (எஸ்டிபியின் முதல் பார்ட்டிஷன், அதாவது பகுதி) இன்று எஸ்டிசி1 ஆகிவிடலாம். யூயூஐடி அப்படியில்லை, பார்ட்டிஷனின் ஃபைல் சிஸ்டத்துக்குள்ளேயே எழுதியிருக்கிறது. பிஎல்கேஐடி (blkid) கட்டளையில் அதை எடுத்து, எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல் உள்ள எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் போட்டேன்.

எதிர்பாராத ஒன்று: டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஆன் செய்தபோது ஒன்றரை நிமிடம் காத்திருந்து எமர்ஜென்சி மோடுக்கு (பழுதுபார்ப்பதற்கான நிலை) போய்விட்டது. எஃப்எஸ்டேப்பின் அதே வரியில் நோஃபெயில் (nofail, டிஸ்க் இல்லாவிட்டாலும் தொடரச் சொல்வது) சேர்த்ததும் சரி. அப்புறம், ஃபார்மட் செய்தால் யூயூஐடி மாறிவிடும், எஃப்எஸ்டேப்பிலும் மாற்றுங்கள்.