ரேடியனுக்குத் தமிழ்ச்சொல் வேணும், வெள்ளிக்கிழமைக்குள்ள

எல்லாருக்கும் வணக்கம்.

விரிதாளோட (ஸ்ப்ரெட்ஷீட்) கணிதச் சார்புகளுக்கு (ஃபங்ஷன்) விளக்க வரிகளைத் தமிழாக்குற வேலை என்கிட்ட இருக்கு, வெள்ளிக்கிழமை கோப்பைப் பூட்டிடுவாங்க, அப்புறம் அடுத்த பதிப்புலதான் கை வைக்க முடியும். கூட்டல், வர்க்கமூலம், மடக்கை எல்லாம் முடிஞ்சது, முக்கோணவியல்ல வந்து நின்னுட்டேன்.

வரைவை வச்சு பத்தாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு ஒருநாள் பாடம் எடுத்துப் பார்த்தேன். சைனுக்கு நான் எழுதியிருந்தது "கொடுத்த கோணத்தின் சைன் மதிப்பைத் தரும்". ஒரு பையன் சைன்(30)னு அடிச்சான், −0.988 வந்துச்சு. 30 பாகைக்கு அரைன்னு அவன் மனப்பாடமா வச்சிருக்கான். "மிஸ், கம்ப்யூட்டர் தப்பா சொல்லுது"ன்னான். தப்பு என் வரியிலதான். விரிதாள் கோணத்தைப் பாகையில இல்ல, ரேடியன்ங்கிற வேற அலகுலதான் வாங்கிக்கும், 30 ரேடியன்னா வட்டத்தை நாலு தடவை முழுசா சுத்திட்டு அஞ்சாவது சுத்துல முக்கால்வாசி தாண்டின இடம். பாகையை ரேடியனா மாத்துற சார்பு ரேடியன்ஸ், ரேடியன்ஸ்(30)ஐ உள்ள போட்டு சைன் கேட்டா 0.5 சரியா வரும்.

டிகிரிக்குப் பாகை இருக்கு. ரேடியனுக்கு என்ன போடலாம்? படிச்ச உடனே "இது பாகை இல்ல"ன்னு பிள்ளைக்கு உறைக்கணும், அதுதான் எனக்கு வேணும்.

* * *

அம்மா, வணக்கம்.

முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவன்ங்கிற முறையில சொல்றேன், ரேடியன்னே போட்டுடுங்க. பிள்ளைங்க பாடநூல்ல படிக்கிறது அதுதான். புத்தகத்துல ஒண்ணு, திரையில ஒண்ணுன்னு இருந்தா அந்தப் பையன் இன்னும் குழம்புவான். சைன், காஸ், டேன் அப்படியே இருக்கறப்ப ரேடியன் மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?

* * *

> ரேடியன்னே போட்டுடுங்க

ஐயா மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா இதை ஒத்துக்க முடியல. ரேடியன்கிற சொல்லே 1873ல பெல்ஃபாஸ்ட்ல ஜேம்ஸ் தாம்சன் ஒரு தேர்வுத் தாள்ல அச்சுல கொண்டுவந்ததுதான். அவர் என்ன பண்ணார், ஆரத்துக்கு லத்தீன்ல உள்ள ரேடியஸை எடுத்து வால் சேர்த்தார். ரேடியஸ்னா சக்கரத்தோட ஆரக்கால். நமக்கும் ஆர்னா ஆரக்கால்தான், ஆரம், ஆரை எல்லாம் அதே குடும்பம். ரெண்டு மொழியும் தனித்தனியா ஒரே சக்கரத்தைப் பார்த்து ஒரே மாதிரி பேர் வச்சிருக்கு பாருங்க. அவர் செஞ்சதையே நாம செஞ்சா ஆரையன். வில்லோட நீளம் ஆரத்துக்குச் சமமா இருந்தா நடுவுல உண்டாகுற கோணம், அதாவது சுமார் 57.3 பாகை. சொல்லுக்குள்ளயே வரையறை இருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும். சைன் மட்டும் அந்நியமா? ஆரியபடர் காலத்துல அது ஜ்யா, வில்லோட நாண். அரை நாணைத்தான் கணக்குல எடுத்தாங்க. அது ஜீவான்னு ஆகி, அரபியில ஜிபான்னு போய், அரபி எழுத்துல உயிர்க்குறி போடாததால ஜைப்னு படிக்கப்பட்டு, ஜைப்னா மடிப்புன்னு 12ஆம் நூற்றாண்டுல லத்தீன்ல சைனஸ்னு மொழிபெயர்த்துட்டாங்க. ஒரு வாசிப்புப் பிழையைத்தான் உலகமே இன்னிக்குப் பட்டனா அமுக்கிட்டிருக்கு. நம்ம பாடநூல்ல வட்டத்துல வில்லும் இருக்கு, நாணும் இருக்கு. சைனை அரைநாண்னு சொன்னா ஆர்க்சைன் என்ன? நாண் தெரிஞ்சா வில்லைக் கேக்குறது. டேஞ்சென்ட் லத்தீன்ல தொடுறது, சீகன்ட் வெட்டுறது, நமக்குத் தொடுகோடும் வெட்டுக்கோடும் ஏற்கெனவே இருக்கு. மொத்தக் குடும்பத்தையும் ஒரே வீட்டுக்குள்ள கொண்டுவந்துடலாம்.

* * *

அண்ணே, படிக்க நல்லா இருந்துச்சு, நெசமாவே. ஆனா கோப்பு சைனோட பேரைக் கேக்கல, விளக்க வரியைத்தான் கேக்குது. கோப்புக்குள்ள சார்போட பேர் எப்பவும் ஆங்கிலத்துலதான் சேமிப்பாகும், திரையில காட்டுற பேரை வேணா மாத்தலாம். ஜெர்மன் எக்செல்ல ரேடியன்ஸ் சார்புக்கு போகன்மாஸ்னு பேர். போகன்னா வில்லும் அதுதான் வட்டவில்லும் அதுதான், மாஸ்னா அளவு. அப்ப நமக்கு வில்லளவுன்னு வருது, எனக்கு அது புடிச்சிருக்கு.

ஆரையன்ல எனக்கு ஒரு நெருடல், அன் விகுதி. கள்வன், தலைவன் மாதிரி ஆண்பால் மாதிரி இல்ல ஒலிக்குது? "கோணம் ஆரையனில்"னு படிச்சா பிள்ளை யாருன்னு கேக்கும்.

அப்புறம் ஆரம் தமிழ்தானா? சமஸ்கிருதத்துலயும் அரம்னா ஆரக்கால்தானே. எது எங்க போச்சுன்னு தெரியாம தூய்மைன்னு பேசுறது சரியா வராது.

* * *

வணக்கம் எல்லாருக்கும். தம்பி சொன்ன அன் விகுதிக்கு ஒரு பதில்.

நாங்கள் படிக்கேக்க ஆரை எண்டுதான் படிச்சனாங்கள், ஆரையனும் எங்களுக்குப் புதுச் சொல் இல்லை. ஒரு பிள்ளையும் அது ஆர் எண்டு கேக்கேல்லை. அறம் அறன் ஆகும், நிலம் நிலன் ஆகும், கலம் கலன் ஆகும், அதெல்லாம் ஆம்பிளையளே? கடைப்போலி எண்டு படிச்சதுதானே. நியூட்டனும் னகரத்திலதான் முடியுது, அதை ஆள் எண்டோ அலகு எண்டோ பிள்ளையள் இடம் பார்த்துப் பிரிச்சு விளங்கிக்கொள்ளுவினம்.

வில்லளவு எனக்கு ஒத்துவரேல்லை. அது கோணத்தின்ர அளவோ, வில்லின்ர நீளமோ? ஆரை 5 உள்ள வட்டத்தில 2 ரேடியன் கோணத்துக்கு வில்லின்ர நீளம் 10. ரெண்டையும் ஒரே சொல்லால சொன்னா அந்தப் பிள்ளை 10ஐக் கொண்டுபோய் சைனுக்குள்ள போடும்.

* * *

அக்கா சொன்ன கடைப்போலியைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு படி போகலாம். ஆரம், ஆரன். ஐயும் யகரமும் கூட வேண்டாம். சொல் சுருக்கம், அலகுக்கு அதுதான் அழகு.

சமஸ்கிருத அரம் பத்தி: ஆர்தல்னா பொருந்துதல். சக்கரத்தோட நடுக்குடத்துல பொருந்துறது ஆர். எனக்கு அது போதும்.

சார்புன்னு நாம எழுதுறதையும் நான் இன்னும் முழுசா ஏத்துக்கல. சார்பெழுத்து தொல்காப்பியத்துல மூணு, நன்னூல்ல பத்து, அங்கெல்லாம் சார்புன்னா தனிச்சு நிக்காதது. பை சார்பு உள்ள எதையுமே வாங்காம தனியா நின்னு 3.14159 தருது, அது எதைச் சார்ந்து நிக்குது?

* * *

அண்ணா, சார்பு பத்தி போன மாசம் நாப்பது மடல் போச்சு, அதைத் திரும்பத் திறக்க வேண்டாம், கும்பிட்டுக் கேக்குறேன்.

ஆரன்னு போட்டா ஆரத்தோட குழம்பும். ஆரம் 5, கோணம் 5 ஆரன். ஒரே வரியில ரெண்டும் வந்தா எழுத்துப்பிழைன்னு நினைச்சு யாராவது திருத்தி வச்சுடுவாங்க. அப்படி ஏற்கெனவே நடந்திருக்கு எனக்கு.

இன்னொரு இடத்துலயும் உதவி வேணும். ரவுண்ட்டவுனுக்கு "கீழ்நோக்கி முழுமையாக்கும்"னு எழுதினேன், −2.5 போட்டுப் பார்த்தா −2 வருது. −2 மேல இல்ல இருக்கு! கீழ்நோக்கின்னா −3 வரணும், அது இன்ட் சார்பு தர்றது.

* * *

அம்மா, நல்லா கவனிச்சீங்க. ஆங்கிலப் பேரே சரியில்ல, அதை நம்ம வரியில ஏன் சுமக்கணும்? அது சுழியத்தை நோக்கித்தான் போகும், ரவுண்ட்அப் சுழியத்தை விட்டு விலகிப் போகும். "சுழியத்தை நோக்கி முழுமையாக்கும்"னு எழுதுங்க. இன்ட்டுக்குத்தான் "அதைவிடப் பெரிதல்லாத மிகப்பெரிய முழு எண்". நீளம்தான், ஆனா பொய் இல்ல.

* * *

ஐயா சொன்னது ரொம்பச் சரி. அதே கவனம், எக்ஸ், ஒய் ரெண்டையும் வாங்கிக் கோணம் தர்ற ஏடேன்2லயும் வேணும். விரிதாள்ல முதல்ல எக்ஸ், அப்புறம் ஒய். நிரலாக்க மொழிகள்ல பெரும்பாலும் ஒய்தான் முதல்ல. நான் ரெண்டு நாள் இதுல மாட்டி எல்லாக் கோணமும் புரண்டு வந்துச்சு. விளக்க வரியில "முதலில் எக்ஸ்"னு தனியா எழுதுங்க அக்கா.

டேன்லயும் ஒண்ணு. 90 பாகையை ரேடியனா மாத்திப் போட்டா பிழை காட்டாது, 1.63ஐப் பதினாறு தடவை பத்தால பெருக்கின மாதிரி ஒரு எண் வரும். பையோட பாதியை முழுத் துல்லியமா வைக்க முடியாததால வர்றது. பிள்ளைங்க அதை நெசமான விடைன்னு எழுதிடுவாங்க.

* * *

எல்லாருக்கும் நன்றி. வியாழன் ராத்திரி ஆச்சு, எண்ணிப் பார்த்துட்டேன்: ரேடியனுக்கு நாலு பேர், அதுல ரெண்டு பேர் எனக்குத் தனியா எழுதினவங்க. ஆரையனுக்கு ரெண்டு, வில்லளவுக்கு ஒண்ணு, ஆரனுக்கு ஒண்ணு. கோப்புல இப்படிப் போடுறேன்:

"ஒரு கோணத்தின் சைன் மதிப்பைத் தரும். கோணம் ரேடியனில் இருக்க வேண்டும். பாகையில் இருந்தால் முதலில் ரேடியன்ஸ் சார்பால் மாற்றவும்."

பாகைங்கிற சொல்லை வரிக்குள்ளயே கொண்டுவந்துட்டேன். அந்தப் பையன்கிட்ட இன்னிக்குக் காட்டினேன், கேக்காமலே ரேடியன்ஸ்(30)னு அடிச்சுட்டான். கலைச்சொல் பட்டியல்ல ரேடியன் பக்கத்துல "ஆரையன் எனவும் வழங்கும்"னு சேர்த்திருக்கேன் அக்கா.

* * *

பட்டியல்ல ஒரு ஓரத்துல இருக்குறதுக்கு நன்றி. என் மறுப்பு மட்டும் பதிவாகட்டும். அந்தப் பையனுக்கு வேலை செஞ்சது ரேடியன்கிற சொல் இல்ல, பாகைன்னு ஒரு தமிழ்ச்சொல் பக்கத்துல நின்னதுதான். பாகைன்னு முதல்ல ஒருத்தர் எழுதினப்பவும் டிகிரியே போதும்னு நாலு பேர் சொல்லியிருப்பாங்க. அடுத்த பதிப்புக்குக் கோப்பு எப்பத் திறக்கும்னு மட்டும் சொல்லுங்க, அரைநாணுக்கான குறிப்பை நான் இப்பவே எழுத ஆரம்பிச்சுட்டேன்.