அம்மம்மா வீட்டு 6 கிலோ உலோகக் குத்தி, அடியில குழி: இது என்ன சாமான்?

திருக்கடலூரான்:
வணக்கம் எல்லாருக்கும், படம் போட்டிருக்கிறன் பாருங்கோ. எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து இது அம்மம்மா வீட்டு குசினியில கிடக்குது, தேசிக்காய்க்கு உப்புப் போட்டு சாடியில அமத்தி வைக்கிறதுக்கு இதைத்தான் மேல வைப்பா. போன கிழமை வீடு வெள்ளையடிக்கேக்க தூக்கிப் பாத்தாத்தான் இவ்வளவு பாரமா எண்டு யோசிச்சன். நீளம் 28 சென்ரிமீற்றர், உருண்டையா, அடி 6 சென்ரிமீற்றர் அகலம், மேல போகப் போக ஒடுங்கி 4. தராசில 6.2 கிலோ. மேல்நுனியில ஒரு ஓட்டை, கயிறு போடுற மாதிரி. அடியில ஒரு குழி, பெருவிரல் உள்ளுக்குப் போகும். பக்கத்தில ஏதோ வெட்டின அடையாளம், கீழ 14 மாதிரி தெரியுது, 1914 ஆ இருக்குமோ? மாமா கோயில் மணியின்ர நாக்கு எண்டுறார், பக்கத்து வீட்டு அண்ணை போர்த்துக்கேயன் கோணேசர் கோயிலை இடிச்ச காலத்து லிங்கம் எண்டு ஒரே பிடியா நிக்கிறார். ஆருக்காவது தெரியுமா?

உப்புவெளிப் பொடியன்:
தம்பி முதல்ல அதைக் கீழ வை. 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் வந்து குண்டு போட்ட திருக்கோணமலை இது. ஷெல்லா இருந்தா?

திருக்கடலூரான்:
அண்ணை 40 வருசமா ஊறுகாய்க்கு மேல இருந்த ஷெல்லோ 😀

உப்புவெளிப் பொடியன்:
சிரிக்காதை. மரை போட்ட மூக்கோ, சுத்தி செம்புப் பட்டியோ இருக்கா எண்டு பார். இருந்தா கை வைக்காம 119க்கு அடி.

திருக்கடலூரான்:
ரெண்டும் இல்ல. மேல உள்ள அந்த ஒரு ஓட்டை மட்டும்தான்.

கடற்காகம்:
காந்தம் ஒட்டுதா? கத்தி நுனியால ஓரத்தில லேசாக் கீறிப் பாத்தா என்ன நிறம்? ஒரு வாளி நிறைய தண்ணி வைச்சு இதை மெல்ல இறக்கி, வழியிற தண்ணியை அளந்து சொல்லுங்கோ. சான்பேப்பர் மட்டும் போட்டுடாதேங்கோ, அடையாளம் அழிஞ்சு போகும். மெல்லிய தாளை மேல வைச்சு பென்சிலால தேய்ச்சா எழுத்து தானா வரும்.

திருக்கடலூரான்:
எல்லாம் செய்து பாத்திட்டன். பழைய ரேடியோ ஸ்பீக்கர் காந்தம் ஒட்டேல்ல. கீறின இடம் பளபளண்டு வெள்ளி மாதிரி வந்து, தாளில தேய்ச்சா பென்சில் மாதிரி கோடு விழுது. தண்ணி 550 மில்லி வழிஞ்சது. பென்சில் தேய்ச்சதில 14 வடிவா வந்தது, அதுக்கு மேல காக்காக் கால் மாதிரி மூண்டு கோடு ஒரு முனையில சேருது.

கடற்காகம்:
6200ஐ 550ஆல பிரிச்சா 11.27. ஈயத்தின்ர அடர்த்தி 11.34, இரும்பு எண்டா 8ஐக் கூடத் தாண்டாது. ஆக ஈயம். மணி நாக்கு கதை முடிஞ்சுது, ஈயத்தால அடிச்சா மணி கணீரெண்டு கேக்காது. லிங்கமும் இல்ல, அண்ணையிட்ட பக்குவமாச் சொல்லுங்கோ.

இது கப்பல்ல ஆழம் பாக்கிற ஈயக்குண்டு. மேல உள்ள ஓட்டையில கயிறு கட்டி, கப்பல் போய்க்கொண்டிருக்கேக்கயே முன்பக்கமா வீசி எறிஞ்சு, அது தரையில முட்டின உடன கயிறு எத்தனை பாகம் போயிருக்கு எண்டு கத்திச் சொல்லுவாங்கள். நம்மட ஆக்கள் ரெண்டு கையையும் விரிச்சு பாகம் எண்டு அளக்கிற அதே அளவுதான் வெள்ளைக்காரன்ர கணக்கும், 6 அடி. கயிறுல 2 பாகத்தில ரெண்டு தோல் வார், 3ல மூண்டு வார், 5ல வெள்ளைத் துணி, 7ல சிவப்பு, 10ல ஓட்டை போட்ட தோல் எண்டு கட்டியிருக்கும். துணிகளும் வேற வேற ரகம், இருட்டில கையால தடவினாலே எது எண்டு தெரியிறதுக்கு. எனக்கு இதில பிடிச்சதே அந்த யோசனைதான்.

உங்கட அடிக்குழிதான் இதில சாட்சி. அதுக்குள்ள மாட்டுக் கொழுப்பை அப்பிவிட்டு இறக்கினா, கீழ இருக்கிற மணலோ சேறோ சிப்பித்துண்டோ அதில ஒட்டிக்கொண்டு மேல வரும். நங்கூரம் போட்டா பிடிக்குமா வழுக்குமா எண்டு அதைப் பாத்துத்தான் முடிவெடுப்பாங்கள், ஒண்டுமே ஒட்டாம வந்தா கீழ பாறை. வலைக்குப் போடுற ஈயத்துக்கு இந்தக் குழி தேவையே இல்ல.

14 வருசம் இல்ல தம்பி, 14 றாத்தல், அதாவது 6.35 கிலோ. மிச்சம் இத்தனை காலத்தில தேய்ஞ்சிருக்கும். கையால எறியிற குண்டு 7இல இருந்து 14 றாத்தல் வரை வரும், ஆழ்கடலுக்குப் போடுறது 28க்கும் மேல.

திருக்கடலூரான்:
அப்ப எத்தனை வருசம் பழசு அண்ணை?

கடற்காகம்:
வடிவத்தை வைச்சு சொல்ல ஏலாது, நூறு இருநூறு வருசமா ஒரே மாதிரித்தான் வார்த்தாங்கள். ஆனா காக்காக் கால் பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்துக்குப் போடுற அம்புக்குறி. அதால போர்த்துக்கேயனும் ஒல்லாந்தனும் வெளியில. பிரிட்டிஷ்காரன் திருக்கோணமலையைப் பிடிச்சு நிலைச்சது 1795, கடற்படைத் தளத்தைக் குடுத்திட்டுப் போனது 1957. அதுக்குள்ள எங்கயோ. சத்தத்தால ஆழம் பாக்கிற கருவி 1920, 30கள்ல வந்தாலும் பழுதாகினா உதவும் எண்டு ஈயத்தை கப்பல்ல வைச்சுக்கொண்டுதான் இருந்தாங்கள். வீட்டுக்கு எப்பிடி வந்ததெண்டு அம்மம்மாட்டக் கேளுங்கோ.

திருக்கடலூரான்:
கேட்டன். அம்மப்பா டொக்யாட்டில, அதுதான் கடற்படைக் கப்பல் திருத்திற இடத்தில, வேலை செய்தவராம், வெள்ளைக்காரன் போகேக்க குப்பையில போட்டதுகளோட கிடந்ததாம். அம்மம்மாவுக்கு அது பாரமா இருந்தது மட்டும்தான் முக்கியம்.

கொட்டியாரத்தான்:
எல்லாரும் சரித்திரம் கதைக்கிறியள், அந்தத் தேசிக்காயை ஒருத்தரும் கவனிக்கேல்லயே! உப்பும் புளியும் ஈயத்தைக் கரைக்கும். இண்டைக்கே கொட்டுங்கோ, கழுவிச் சாப்பிடலாம் எண்டு பாக்காதேங்கோ. குண்டைத் தொட்டா சோப் போட்டுக் கை கழுவோணும். வெள்ளையாப் பூத்திருக்கிறதைச் சுரண்டாதேங்கோ, அந்தத் தூளும் விசம். வலைக்கு உருக்கிறன் எண்டு ஆரும் கேட்டாலும் குடுக்காதேங்கோ. வீட்டில சின்னப் பிள்ளையளோ கர்ப்பிணியோ இருந்தா, ரத்தத்தில ஈயம் பாக்கிறதைப் பற்றி டொக்டரிட்டக் கேளுங்கோ.

கடற்காகம்:
இவர் சொல்றதுதான் முதல் வேலை, நான் விட்டிட்டன். இன்னொண்டு, இரும்புக்காரனுக்கும் வித்திடாதேங்கோ. 1815 மார்ச் 2க்கு முந்தின சாமான் எண்டா தொல்பொருள் சட்டத்துக்குள்ள வரும். உங்கட குண்டு பிந்தினதா இருக்கத்தான் கூடச் சான்ஸ், எண்டாலும் திணைக்களத்தில ஒருக்காக் காட்டினா நல்லது.

திருக்கடலூரான்:
நன்றி அண்ணைமாரே. குண்டை துணியில சுத்தி பெட்டியில வைச்சாச்சு, திங்கள் கொண்டு போறன். சாடியைக் கொட்டினதில இருந்து அம்மம்மா என்னோட கதைக்கேல்ல. கடற்கரையில நல்ல கருங்கல் ஒண்டு எடுத்துக் கழுவிக் குடுத்தன், பாரம் காணாதாம்.

லிங்கம் சொன்ன அண்ணை இன்னும் நம்பேல்ல.